தண்ணி வத்திருச்சு

போனில் அவன் சொன்னது இரண்டே வார்த்தை:
தண்ணி வத்திருச்சு.
யாரென்று நான் கேட்கவில்லை.
பால் பொங்கி அடுப்பில் வழிந்து
கருகுகிற வாசனை வரும்வரை
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

வீட்டில் வளைகாப்பு என்றேன்.
போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்தேன்,
மறந்ததாக நினைப்பார்கள்.
டிக்கெட் ஈரோட்டுக்கு எடுத்தேன்.
சேலம் ஜங்ஷனில் இறங்கிக்கொண்டேன்.
இருபத்திரண்டு வருஷம்.
அதிகாலை நாலே முக்கால்.

டீக்கடையில் கிழவர் அல்ல, ஒரு பையன்.
நான் வாய் திறக்குமுன்
"சர்க்கரை கம்மிதானே" என்றான்.
எல்லாரிடமும் அப்படித்தான் கேட்பானாயிருக்கும்.
காலனி முக்கில் ஆட்டோவை அனுப்பினேன்.
வாசல் பெருக்கியவள் நான் கடக்கும்வரை
துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்தாள்.
ஒரு நாயும் குரைக்கவில்லை.
அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

கதைகளில் இந்த இடத்தில்
கொலுசுச் சத்தம் கேட்கும்.
எங்கள் ஊரில் அதற்கு யாரும் பயப்படுவதில்லை,
பட்டறையில் கிலோக் கணக்கில் எடை போடுகிறார்கள்.
எங்களுக்குப் பயம் வெள்ளைத் தூள்.
மத்தியானம் இரண்டு மணிக்குச் சங்கு ஊதி
சுரங்கத்தில் வெடி வைப்பார்கள்.
இலை, கொடிக்கம்பி, காக்கா முதுகு
எல்லாம் வெளுக்கும்.
காலையில் நடந்தவனின் தடம்
சாயங்காலம் இருக்காது.
இதை நாங்கள் பதினாறு வயதிலேயே
தெரிந்துவைத்திருந்தோம்.
நாங்கள் என்றால் நானும் அவரும்.

மாதேஸ்வரி ஏற்காடு பஸ்ஸில் ஏறினாள் சார்.
மஞ்சள் தாவணி சார்.
ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாள் சார்.
கை காட்டினதை மட்டும்
அவர் சொல்லித் தரவில்லை,
நானாகச் சேர்த்தேன்.
அந்தக் கையை நம்பித்தான்
இருபது கொண்டை ஊசி வளைவிலும் இறங்கித் தேடினார்கள்.
காப்பித் தோட்டத்தில் வரிசை வரிசையாய் டார்ச்.
மொட்டை மாடியிலிருந்து பார்த்தால்
மலைக்குக் கார்த்திகை வந்த மாதிரி இருந்தது.
ஏரியில் மூன்று நாள் வலை.
அவள் அம்மா என் கையைப் பிடித்துப்
பிடித்துக் கேட்டாள்,
சிரிச்சுக்கிட்டா போனா, சிரிச்சுக்கிட்டா போனா.
ஆமாம் என்றேன்.

வேலிக் கம்பியில் அதே கிழிசல்.
சீமைக் கருவேலம் ஆள் உயரம் மூடியிருந்தும்
கால் வழி கேட்கவில்லை.
இடப்பக்கம் இரண்டாவது பள்ளம்.
எட்டிப் பார்த்தேன்.

தண்ணீர்.
விளிம்புவரை, பச்சையாய், ஆடாமல்.
வற்றவேயில்லை.

"வாங்க்கா."
கல்மேல் உட்கார்ந்திருந்தான்.
காதோரம் நரைத்த ஒரு ஆள்.
டவுசர் நழுவ நழுவ எங்கள் பின்னால் ஓடி வருவானே,
அவள் தம்பி சித்தேசு.
"வத்தலியே" என்றேன். என் குரல்தான்.
"வத்தலக்கா.
எந்தத் தண்ணினு நான் சொல்லலியே.
இந்தச் சுத்துல பதினேழு பள்ளம் கெடக்குது,
கெணறு இருக்குது, ஏரி இருக்குது.
நேரா இங்க வந்துட்டீங்க."

காற்று இல்லை. கருவேல முள்ளில்
பாலித்தீன் பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"அறுபத்தி மூணு பேருக்குப் போன் போட்டேன்.
அக்காகூடப் படிச்சவங்க, டியூசன் சார், பழைய மேஸ்திரி,
அந்த வருசம் இங்க குடியிருந்த ஒருத்தர் பாக்கியில்ல.
அல்லாரும் யாருப்பா நீனு கேட்டாங்க.
ராங் நம்பர்னு வெச்சாங்க.
ரெண்டு பேருதான் ஒண்ணுமே கேக்கல."

நான் கீழே பார்த்தேன்.
வெள்ளைத் தூளில் ஷூத் தடம்.
பெரிய பாதம், இடது குதிகால் சற்றே தேய்ந்தது.
அந்த நடையை எனக்குத் தெரியும்.
கரை வரைக்கும் போயிருந்தது.
திரும்பி வரவில்லை.

மணி ஆறு பத்து.
சங்கு ஊத இன்னும் எட்டு மணி நேரம்.

அவன் பொட்டலத்தைப் பிரித்தான்.
தட்டுவடை செட். பீட்ரூட் சிவப்பு
காகிதத்தில் ஊறி இறங்கியிருந்தது.
"நமுத்துப் போச்சு. பரவால்ல, சாப்புடுங்க்கா.
நேத்து வந்தவரு
தொடவே இல்ல."